கழக வாசலுக்கு வெளியே நின்ற சம்பியன்

கோல்ப் விளையாட்டின் சரித்திரத்தை எழுதுவோர் மறக்க முடியாத தருணங்கள் எனச் சிலவற்றைத் தவறாமல் குறிப்பிடுவர். 1930 ஆம் ஆண்டில் பொபி ஜோன்ஸ் அக்காலத்து நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றது அவற்றுள் ஒன்று. வீதி விபத்தில் உடல் சிதைந்த பென் ஹோகன் பதினாறு மாதங்களின் பின்னர், 1950 இல், அமெரிக்க ஓப்பன் பட்டத்தைக் கைப்பற்றியது மற்றொன்று. 1997 இல் 21 வயதான டைகர் வூட்ஸ் ஒகஸ்டாவில் 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றதை எமது தலைமுறையினர் தொலைக்காட்சியிலேயே கண்டனர். இவை யாவும் ஆட்டக்களத்தில், பந்து உருண்டுகொண்டிருக்கையில் நிகழ்ந்தவை. ஆனால், அந்த விளையாட்டின் சரித்திரத்தில் ஆட்டம் முடிந்த பின்னர், பரிசளிப்பின்போது நிகழ்ந்த தருணம் ஒன்றும் உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1963 ஆம் ஆண்டு, தென்னாபிரிக்காவின் டர்பன் நகரம். நேட்டால் மாகாண ஓப்பன் கோல்ப் சுற்றுப்போட்டியை வென்றவர் கழகக் கட்டடத்துக்கு வெளியே, கொட்டும் மழையில் நிற்கின்றார். அவரிடம் தோற்றவர்கள் கட்டடத்தின் உள்ளே, கூரையின் கீழ் இருக்கின்றனர். வென்றவர் இந்திய வம்சாவளியினர் என்பதால் வெள்ளையருக்கான அக்கட்டடத்தினுள் அவர் கால் வைக்க முடியாது. அவரது கிண்ணம் வெளியிலேயே அவரிடம் கையளிக்கப்படுகின்றது. உள்ளே விருந்தினருக்கு உணவும் பானமும் பரிமாறிக்கொண்டிருந்தோரும் இந்தியர்களே. பணியாளாக நுழையக்கூடிய வாசலினூடாக சம்பியனாக நுழைய முடியாதிருந்தது.

அந்த மனிதரின் பெயர் சிவ்சங்கர் செவ்கோலம். உலகம் அவரைப் பப்வா என்ற செல்லப்பெயராலேயே அறிந்தது.

செவ்கோலம் என்ற குடும்பப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சிவனின் அடிமை என்பது அதன் பொருள். முற்பாதி சைவர்களுக்குப் பழக்கமான சிவன்; பிற்பாதி அரபு மொழியிலிருந்து பாரசீகம் வழியாக ஹிந்திக்கு வந்த குலாம். மொரிஷியஸ் தீவின் முதலாவது பிரதமர் ராம்கூலத்தின் பெயரும் இவ்வாறு அமைந்ததே. வட இந்தியாவின் கிராமங்களில் இரு சமூகங்கள் எவ்வளவு அந்நியோன்யமாக வாழ்ந்திருந்தால் இத்தகைய பெயர்கள் பிறந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகின்றது. அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் கப்பலேறி வந்த கதையும் எமக்குப் புதியதல்ல. எமது மலையகத்துக்குக் கங்காணி முறையில் மக்கள் கொண்டுவரப்பட்ட அதே காலப்பகுதியில், நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்த முறையில் இந்தியத் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 1860 நவம்பர் 16 ஆம் திகதி டர்பன் துறைமுகத்தை அடைந்த முதலாவது கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்தே புறப்பட்டது. 1911 வரையில் ஏறத்தாழ 1 இலட்சத்து 52 ஆயிரம் பேர் அவ்வாறு சென்றனர். அவர்களில் பெரும்பாலானோர் தமிழும் தெலுங்கும் பேசுவோர். ஏனையோர் கல்கத்தா வழியாக வந்த வடஇந்தியர். பப்வாவின் முன்னோர் இந்த இரண்டாவது பிரிவினர். ஒப்பந்தத் தொழிலாளரின் பின்னால் குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம் வர்த்தகர்களும் டர்பனில் குடியேறினர். மகாத்மா காந்தி 1893 இல் அந்நகரில் வந்திறங்கியதும் அத்தகைய வர்த்தகர் ஒருவரின் வழக்குக்காகவே.

டர்பனின் வடக்கே உம்கேனி நதி இந்து சமுத்திரத்தில் கலக்கின்றது. அதன் வடகரையில் ரிவர்சைட் என்ற பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தன. சூஃபி சாஹிப் என்று அழைக்கப்பட்ட பெரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு அமைத்த பள்ளிவாசல் அக்கரையின் அடையாளம். பப்வா பிறந்து வளர்ந்தது இந்த ரிவர்சைட்டில்தான். சற்றுத் தொலைவில் பீச்வுட் கோல்ப் மைதானம் இருந்தது. நதியைத் தாண்டித் தென்கரைப் பக்கம் சென்றால், 1922 இல் திறக்கப்பட்ட டர்பன் கன்ட்ரி கிளப். தென்னாபிரிக்காவின் மிகச் சிறந்த கோல்ப் மைதானங்களில் ஒன்றாக அது மதிக்கப்பட்டது. அவரது வாழ்வின் நாடகம் முழுவதும் ஏறக்குறைய இந்தச் சில மைல் சுற்றுவட்டத்துக்குள்ளேயே நடந்து முடிந்தது எனலாம்.

குடும்பத்தை வறுமை வாட்டியது. பாடசாலைப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. இறுதிவரை எழுத வாசிக்கத் தெரியாதவராகவே இருந்தார். மரக்கிளை ஒன்றை வெட்டிச் செதுக்கித் தடியாக்கி, பந்தடித்துப் பழகிய சிறுவன், பின்னர் பீச்வுட் மைதானத்தில் கெடியாகச் சேர்ந்தான். வெள்ளைக்காரத் துரைமாரின் தடிப்பையைத் தோளில் சுமந்து, அவர்கள் பின்னால் நடந்து, தொலைந்த பந்தைத் தேடிக் கொடுப்பதே கெடியின் வேலை. நுவரெலியாவில் பஸ்ஸிலிருந்து இறங்கும் எவருக்கும் நகரின் நடுவே விரிந்து கிடக்கும் கோல்ப் புற்றரை கண்ணில் படும். அந்தப் புற்றரையில் பை சுமந்தோர் யார், பந்தடித்தோர் யார் என்பதை அறிந்தவர்களுக்கு பீச்வுட்டைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

யாரும் கற்றுக்கொடுக்காத கலையைத் தானாகக் கற்றவர்களிடம் விசித்திரமான பழக்கம் ஒன்றாவது இருக்கும். பப்வாவிடம் இருந்தது அவரது பிடி. வலக்கைப் பழக்கமுள்ள கோல்ப் வீரர் தடியைப் பிடிக்கும்போது இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் இருக்கும். வலக்கைத் துடுப்பாட்ட வீரர் மட்டையைப் பிடிப்பதும் இவ்வாறே. பப்வா வலக்கை ஆட்டக்காரரைப் போலவே நின்றார்; ஆனால், கைகளை மாற்றி வைத்துக்கொண்டார். வலக்கை மேலே, இடக்கை கீழே. அவ்வாறு பிடித்து ஒரு துடுப்பாட்ட வீரர் ஆடுகளத்துக்கு வந்தால் எமது பாடசாலைப் பயிற்றுநர் எவரும் முதல் நாளிலேயே அவரைத் திருத்திவிடுவார். பப்வாவைத் திருத்துவதற்கு எவரும் இருக்கவில்லை. அதுவே நல்லதாயிற்று. அந்தப் பிடியுடன் அவர் அடித்த பந்துகள் நேராகச் சென்றன. புற்றரையில் குழியை நோக்கிப் பந்தை உருட்டுவதில் அவரது கைகளுக்கு அசாதாரணமான நுட்பம் இருந்தது. பிற்காலத்தில் தென்னாபிரிக்காவில் அந்தப் பிடி அவரது பெயராலேயே அழைக்கப்பட்டது.

வெள்ளையரல்லாதோருக்கென நடத்தப்பட்ட தனிப் போட்டிகளில் அவருக்கு நிகரானோர் சிலரே. ஆனால், அந்தப் போட்டிகள் நடைபெற்றதோ வசதிகள் எதுவுமற்ற மைதானங்களில்; பரிசுப் பணமும் சொற்பம். 1948 இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து இனஒதுக்கலை அரசின் கொள்கையாக்கியதும் இருந்த இடைவெளிகளும் அடைபட்டன. இதில் டர்பன் நகருக்குத் தனியான ஒரு பங்கு உண்டு. இந்தியர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1946 இலேயே கொண்டுவரப்பட்டிருந்தது. அதற்கெதிராக அவ்வாண்டு டர்பனில் தொடங்கிய சாத்வீகப் போராட்டத்தின் தலைவர்கள் இருவர்: தமிழரான டாக்டர் மொன்டி நாயக்கரும் முஸ்லிமான டாக்டர் யூசுப் தாதூவும். ஈராயிரம் பேர் வரையில் சிறை சென்ற அந்தப் போராட்டம் சட்டத்தை மாற்றவில்லை. 1950 இல் வந்த குழுப் பிரதேசச் சட்டம் முன்னையதைவிடக் கொடியது. யார் எங்கு வசிக்கலாம், எங்கு வியாபாரம் செய்யலாம், எந்தக் கட்டடத்துக்குள் இருக்கலாம் என்பதையெல்லாம் இனத்தை வைத்து அரசே தீர்மானித்தது. ரிவர்சைட்டின் இந்துக்களும் முஸ்லிம்களும் அச்சட்டத்தின் பேரால் ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டனர். சூஃபி சாஹிப் பள்ளிவாசல் மட்டும் அங்கு எஞ்சி நின்றது.

இத்தகைய நாட்டில் எழுத்தறிவற்ற ஒரு கெடி ஐரோப்பிய மைதானங்களை அடைந்தமைக்கு ஒரு தனிமனிதரின் நல்லெண்ணம் காரணமாயிற்று. கிரஹாம் வூல்ஃப் என்பவர் டர்பனைச் சேர்ந்த இரசாயனவியலாளர். ஒயில் ஒஃப் ஒலே என்ற பிரசித்தி பெற்ற முகப்பூச்சை 1950 களின் தொடக்கத்தில் உருவாக்கியவர். பீச்வுட்டில் அவரது பையைச் சுமந்தவர் பப்வா. கெடியின் ஆற்றல் தன்னுடையதைவிடப் பன்மடங்கு பெரியது என்பதைக் கண்டுகொண்ட வூல்ஃப், தமது தொழிற்சாலையில் அவருக்கு வேலை கொடுத்தார். 1959 இல் தமது சொந்தச் சிறு விமானத்திலேயே பப்வாவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். வூல்ஃபின் பெருந்தன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் ஒரு வினா எழாமல் இல்லை. ஆபிரிக்காவின் தென்முனையிலிருந்து பிரித்தானியா வரை விமானம் ஓட்டிச் செல்லக்கூடிய எசமானர் வாய்க்கப்பெறாத கெடிகள் எத்தனை பேர் பீச்வுட்டிலும் ஏனைய மைதானங்களிலும் பை சுமந்தே மடிந்திருப்பர்?

அந்த 1959 ஆம் ஆண்டின் கோடைகாலம் தென்னாபிரிக்க கோல்ப்புக்குப் பொற்காலம். ஸ்கொட்லாந்தின் முயர்ஃபீல்டில் நடைபெற்ற பிரித்தானிய ஓப்பன் பட்டத்தை 23 வயதான கெரி பிளேயர் வென்றார். ஒல்லாந்து தேசத்தின் ஹேக் நகரில் நடைபெற்ற டச்சு ஓப்பன் பட்டத்தைப் பப்வா செவ்கோலம் வென்றார். இருவரும் ஒரே நாட்டவர். இருவரும் ஏழைகள், பிளேயரின் தந்தை தங்கச் சுரங்கத் தொழிலாளி, தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர் அவர். ஆனால், நாடு திரும்பியதும் இருவருக்கும் கிடைத்தவை வேறு வேறு. தாயகத்தின் எல்லா மைதானங்களும் பிளேயருக்குத் திறந்தே இருந்தன. பப்வாவோ ஐரோப்பாவின் தேசியப் பட்டம் ஒன்றை வென்று வந்த பின்னரும் சொந்த நாட்டின் ஓப்பன் போட்டிகளில் பங்குபற்ற அனுமதி கோரிக் காத்திருக்க வேண்டியவரானார். ஓப்பன் என்ற சொல்லின் பொருள் யாவருக்கும் திறந்தது என்பது. 1960 இல் எய்ந்தோவன் நகரில் டச்சு ஓப்பனை மீண்டும் வென்றார். 1964 இல் மூன்றாவது தடவையாகவும் வென்றார்.

நேட்டால் ஓப்பனில் விளையாட அவருக்கு இறுதியில் அனுமதி கிடைத்தபோதும் அது மைதானத்துக்கான அனுமதி மட்டுமே. கழகக் கட்டடத்துக்கு அது செல்லுபடியாகாது. ஏனைய போட்டியாளர்கள் உடைமாற்றி, குளித்து, மதிய உணவருந்தி இளைப்பாறிய இடம் அவருக்கு விலக்கப்பட்டிருந்தது. கோல்ப் சுற்றுப்போட்டி என்பது ஒரு மணித்தியாலத்தில் முடிவதல்ல. 18 குழிகள் கொண்ட சுற்று நான்கு. மொத்தம் 72 குழிகள். நாள் முழுவதும் வெயிலிலும் காற்றிலும் நடந்து களைத்தவருக்கு ஒதுங்க இடமில்லாத நிலையில்தான் அவர் போட்டியிட்டார். 1963 இல் அவ்வாறு விளையாடியே வெள்ளைப் போட்டியாளர் அனைவரையும் வென்றார்.

அந்தப் பரிசளிப்பு பல விதமாகச் சொல்லப்படுகின்றது. கிண்ணம் யன்னலினூடாக நீட்டப்பட்டது என்பர் சிலர். வாசற்படியருகே கையளிக்கப்பட்டது என்பர் வேறு சிலர். கழகத்தினர் சட்டத்தைக் காரணம் காட்டினர். குழுப் பிரதேசச் சட்டமும் மதுபானச் சட்டமும் தங்கள் கைகளைக் கட்டிப்போட்டிருந்ததாகச் சொல்லப்பட்டது. சட்டம் அவ்வாறுதான் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், மழை பெய்யும்போது உள்ளே இருப்போரும் வெளியே வந்து வென்றவருடன் நனைவதைத் தென்னாபிரிக்காவின் எந்தச் சட்டமும் தடுத்திருக்கவில்லை.

கோல்ப் கழகங்களின் கதவுகளைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரையும் நினைவுகூர வேண்டியுள்ளது. ஒரு காலத்தில் இந்தக் கதவுகள் வெள்ளையர்களிலும் ஒரு பகுதியினருக்குப் பூட்டப்பட்டிருந்தன. பணத்துக்காக விளையாடும் தொழில்முறை வீரர்கள் கனவான்களல்லர் என்பது பிரித்தானியக் கழகங்களின் கருத்து. 1920 இல் இங்கிலாந்தின் டீல் நகரில் நடைபெற்ற பிரித்தானிய ஓப்பனுக்கு வந்த அமெரிக்கரான வோல்டர் ஹேகன், கழகக் கட்டடத்தினுள் தமக்கு இடமில்லை என்று அறிந்ததும் ஆடம்பர மோட்டார் கார் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, கழக வாசலிலேயே நிறுத்தி, அதனையே உடைமாற்றும் அறையாக்கிக்கொண்டார். அந்தப் போட்டியில் அவர் 53 ஆவது இடத்தையே பெற்றார் என்பது வேறு விடயம். 1923 இல் ட்ரூனில் ஹேகன் இரண்டாமிடம் பெற்றபோது, வாரம் முழுவதும் மூடியிருந்த கழகக் கதவைப் பரிசளிப்புக்காக மட்டும் அவருக்குத் திறந்தனர். அவர் உள்ளே செல்ல மறுத்து, வந்திருந்த மக்களைத் தம்முடன் மதுச்சாலைக்கு அழைத்துச் சென்றார். ஹேகனின் அந்த மிடுக்கைக் கோல்ப் உலகம் இன்றளவும் மெச்சிப் பேசுகின்றது. அவரால் மிடுக்குக் காட்ட முடிந்தது. ஏனெனில், மறுநாள் அவரைக் கைது செய்ய எந்தப் பொலிஸும் வரப்போவதில்லை. பப்வாவுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கவில்லை. அவர் மழையில் நின்று கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டார்.

அந்த நிகழ்வின் செய்தியும் படமும் உலகப் பத்திரிகைகளில் வெளியாகின. தென்னாபிரிக்க அரசு எதிர்பாராத விளைவு அது. இனஒதுக்கலை நீண்ட வாதங்களால் விளக்க முயன்றோருக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லக்கூடிய கதை கிடைத்துவிட்டது. விளையாட்டுத் துறையில் இனஒதுக்கலுக்கு எதிராகக் கவிஞர் டெனிஸ் புரூட்டஸ் போன்றோர் அப்போது இயக்கம் நடத்திக்கொண்டிருந்தனர். 1963 இல் ஜொஹன்னஸ்பேர்க் வீதியில் தப்பியோட முயன்ற புரூட்டஸ் பொலிஸாரால் சுடப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்டார். மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து தென்னாபிரிக்கா விலக்கப்பட்டது. 1970 இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. இவற்றுக்கெல்லாம் ஒரு கோல்ப் கிண்ணமே காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆயினும் டர்பன் மழை அந்த இயக்கத்தினருக்கு வலுச் சேர்த்தது என்பதில் ஐயமில்லை.

1963 ஆம் ஆண்டே ஆட்டத்தைப் பொறுத்தவரையிலும் பப்வாவின் உச்சம். தென்னாபிரிக்க ஓப்பனில் அவர் இரண்டாமிடம் பெற்றார். இங்கிலாந்தின் லிதமில் நடைபெற்ற பிரித்தானிய ஓப்பனில் பதின்மூன்றாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பட்டத்தை அவ்வாண்டு வென்றவர் நியூசிலாந்தின் பொப் சார்ள்ஸ். பெரும் பட்டமொன்றை வென்ற முதலாவது இடக்கை ஆட்டக்காரர் அவர்.

1965 ஆம் ஆண்டின் நேட்டால் ஓப்பன் போட்டியும் டர்பன் கன்ட்ரி கிளப்பிலேயே நடைபெற்றது. இம்முறை கெரி பிளேயரும் களத்தில் இருந்தார். பிரித்தானிய ஓப்பன், மாஸ்டர்ஸ், அமெரிக்க பிஜிஏ ஆகிய மூன்றையும் அதற்குள் வென்றிருந்த பிளேயர், அவ்வாண்டிலேயே அமெரிக்க ஓப்பனையும் வென்று நான்கு பெரும் பட்டங்களையும் பெற்ற மூன்றாவது மனிதராகச் சரித்திரத்தில் இடம்பிடித்தவர். உலகின் முதல்தர வீரர் மூவரில் ஒருவராக அவர் கணிக்கப்பட்ட காலம் அது. அவரைத் தமது சொந்த ஊரில், கெடியாக நடந்து திரிந்த ஆற்றின் மறுகரையில், பப்வா செவ்கோலம் தோற்கடித்தார்.

இந்த வெற்றி அவருக்கு வழி திறந்துவிட்டிருக்க வேண்டும். மாறாக, இருந்த வழியும் அடைபட்டது. இனஒதுக்கல் ஆட்சியின் மனோபாவத்தைப் புரிந்துகொள்ள இந்த இடம் முக்கியமானது. பப்வா போட்டியிட்டுத் தோற்றுக்கொண்டிருந்தவரையில் அவரை அனுமதிப்பதில் அரசுக்குப் பெரிய சங்கடம் இருக்கவில்லை. தமது தாராளத்துக்குச் சான்றாகக்கூட அவரைக் காட்டலாம். அவர் வென்றபோதுதான் சிக்கல் தொடங்கியது. வெள்ளையர் பிறப்பிலேயே உயர்ந்தவர் என்ற கோட்பாட்டின் மீது எழுப்பப்பட்ட அரசு, வெள்ளையரில் மிகச் சிறந்தவரை எழுத்தறிவற்ற இந்தியர் ஒருவர் தோற்கடிப்பதை எவ்வாறு விளக்கும்? மைதானத்தில் அவரைத் தொடர்ந்து சென்று ஆரவாரித்த இந்திய மக்களின் கூட்டமும் அதிகாரிகளின் கண்களை உறுத்தியது. 1966 இல் நாட்டின் பிரதான சுற்றுப்போட்டிகள் அவருக்குத் தடைசெய்யப்பட்டன. கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டது. உள்நாட்டிலும் விளையாட முடியாது, வெளிநாட்டுக்கும் செல்ல முடியாது.

தடை விதிக்கப்பட்டபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வேறு தொழில் அறியாதவர், படிக்காதவர். கேப் டவுனைச் சேர்ந்த துடுப்பாட்ட வீரர் பசில் டி ஒலிவேராவுக்கு இங்கிலாந்து அடைக்கலமளித்தது. 1968 இல் அவரை அணியில் சேர்த்ததற்காகத் தென்னாபிரிக்கா இங்கிலாந்து அணியின் சுற்றுப்பயணத்தையே மறுத்தபோது உலகமே கொதித்தெழுந்தது. பப்வாவின் தொழில் அழிக்கப்பட்டபோது அவ்வாறான கொதிப்பு எதுவும் எழவில்லை. கோல்ப் தனியாள் விளையாட்டு. அவருக்காகப் பேச ஓர் அணியோ ஒரு நாடோ இருக்கவில்லை.

கெரி பிளேயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1966 இல் வெளியான தமது நூலில் அவர் இனஒதுக்கல் அரசையும் அதன் பிரதமர் வெர்வூர்டையும் ஆதரித்தே எழுதினார். 1969 இல் அமெரிக்காவில் நடைபெற்ற பிஜிஏ போட்டியின்போது ஆர்ப்பாட்டக்காரர்கள் அவர் முகத்தில் பனிக்கட்டியை வீசினர். பின்னர் அவர் மாறினார். 1971 இல் கறுப்பின அமெரிக்க வீரரான லீ எல்டரைத் தென்னாபிரிக்காவுக்கு அழைத்துத் தம்முடன் விளையாடச் செய்தார். முன்னைய கருத்துகளைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கைவிட்டார். மனம் மாறியவரை நாம் நிந்திக்கப் போவதில்லை. ஆனால், அவரைத் தோற்கடித்த மனிதருக்கு விளையாட அனுமதி மறுக்கப்பட்ட 1966 இல்தான் அந்த நூலும் வெளியானது என்பதைக் கால வரிசை காட்டுகின்றது.

பப்வா மீதும் விமர்சனம் எழாமல் இல்லை. இனஒதுக்கலை எதிர்த்த விளையாட்டு இயக்கத்தினரின் நிலைப்பாடு கடுமையானது: அரசிடம் தனிப்பட்ட அனுமதிச்சீட்டைப் பெற்று வெள்ளையருடன் விளையாடுவது, அவ்வாறு அனுமதி வழங்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதை ஏற்றுக்கொள்வதாகும் என்று அவர்கள் வாதிட்டனர். கொள்கை அளவில் அந்த வாதத்தில் பிழை காண்பது கடினம். ஆனால், அதனை முன்வைத்தோரிற் பலர் ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், கல்விமான்கள். கோல்ப் தடி ஒன்றைத் தவிர வேறு மூலதனமில்லாத ஒரு குடும்பஸ்தர், கிடைத்த வாசலால் நுழைந்தார். அவர் அரசியல்வாதியல்லர், மேடையேறிப் பேசியவரல்லர். அனுமதிச்சீட்டை ஏற்றுக்கொண்டவர் என்று எவரும் அவரைக் குறைகூறலாம். ஆனால், அந்த அனுமதிச்சீட்டின் உண்மையான பெறுமதி என்ன என்பதை உலகுக்குக் காட்டியதும் அவர் மழையில் நின்ற அந்தச் சில நிமிடங்களே. சிறுபான்மையினராக வாழ்வோருக்கு இந்தத் தர்மசங்கடம் அந்நியமானதல்ல. கிடைத்ததைப் பெற்றுக்கொள்வதா, முழுவதும் கிடைக்கும்வரை ஒதுங்கி நிற்பதா என்ற வினாவுக்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

1970 களில் உலகின் நெருக்குதலால் தென்னாபிரிக்க மைதானங்களின் கதவுகள் சற்றே நெகிழத் தொடங்கின. 1976 இல் கறுப்பினத்தவரான வின்சன்ட் ஷபலாலா பிரெஞ்சு ஓப்பனை வென்றார். ஆனால், பப்வாவின் நல்ல ஆண்டுகள் அதற்குள் வீணாகிப் போயிருந்தன. உடல் தளர்ந்திருந்தது, வறுமை மீண்டும் வீட்டு வாசலுக்கு வந்திருந்தது. 1978 ஜூலை மாதத்தில், ஐம்பது வயதைக் காணாமலே, மாரடைப்பால் அவர் காலமானார். நெல்சன் மண்டேலா அப்போது ரொபன் தீவுச் சிறையில் இருந்தார். அவர் விடுதலையாக இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. அமெரிக்காவின் ஒகஸ்டா கழகம் தனது முதலாவது கறுப்பின அங்கத்தவரைச் சேர்த்துக்கொண்டதும் மண்டேலா விடுதலையான அதே 1990 இல்தான்.

புதிய தென்னாபிரிக்கா அவரை நினைவுகூர்ந்தது. தாபோ ம்பெக்கி ஜனாதிபதியாக இருந்த காலத்தில், இறந்து கால் நூற்றாண்டின் பின்னர், அவருக்கு அரச கௌரவம் வழங்கப்பட்டது. அவரது வாழ்க்கை வரலாறு நூல்களாக எழுதப்பட்டது. டர்பன் நகரின் ரிசர்வோயர் ஹில்ஸ் பகுதியிலுள்ள பொதுக் கோல்ப் மைதானத்துக்கும் அவரது பெயரே சூட்டப்பட்டது. அது உம்கேனி நதியின் ஓரத்திலேயே அமைந்துள்ளது. பீச்வுட் மைதானமும் டர்பன் கன்ட்ரி கிளப்பும் அதே நதியின் கீழே, கடலோரத்தில் இருக்கின்றன.